ஐந்து வாரத்தில் வளையாதது ஐந்து வருடத்தில் வளையுமா? வீட்டு நாயைப் பதறாமல் பழக்கும் வழிகள்

காவலுக்கென்று வளர்க்கும் நாய், ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலைக் கவ்விவிடுகிறது. அடுத்த நாள் சொந்த ஆட்டுக்குட்டியையே துரத்துகிறது. நாய் கெட்டது என்று சொல்லி ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிடுவது சுலபம். ஆனால், கோளாறு பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் நாம் செய்யாமல் விட்ட வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலை என்ன, அதை எப்போது, எப்படிச் செய்வது? வாணியம்பாடி வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கையை வைத்தே பார்க்கலாம்.

காலை ஐந்தரை மணிக்குப் பால் கறக்க ஆள் வருகிறார். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கட்டிக் கிடக்கும் நாய், சங்கிலி அறுந்துபோகும் அளவுக்கு எகிறுகிறது. ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஊர் முனையில் வந்து நிற்கும்போது மறுபடியும் ஒரு பாட்டம் குரைப்பு. எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறார்கள். ஓடுகிற பிள்ளையைப் பார்த்ததும் நாய்க்கு வெறி இன்னும் ஏறுகிறது. பாலாற்றங்கரை ஊர்களிலும் ஆலங்காயம், நாட்றம்பள்ளி பக்கத்துக் கொல்லை வீடுகளிலும் இது தினமும் பார்க்கிற காட்சிதான்.

'நம்ம நாய் நல்லா காவல் காக்குது' என்று வீட்டுக்காரருக்குப் பெருமை. ஒருநாள் சங்கிலியின் கொக்கி கழன்றுகொள்ளும்போதுதான் பெருமை சங்கடமாகிறது. கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தலைமுறையாகப் பழகிய பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வரும். வீட்டில் உள்ளவர்கள் கூலி வேலையை விட்டு நான்கு முறை ஊசிக்கு அலைய வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. உலகில் இந்த நோயால் இறப்பவர்களில் சுமார் 36 சதவிகிதம் பேர் இந்தியாவில்தான் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

எகிறுகிற நாய் எல்லாம் வீரமான நாய் கிடையாது. பெரும்பாலும் அது பயந்த நாய். கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அதனால் கத்தியும் பாய்ந்தும் எதிரே வருபவரை விரட்டப் பார்க்கிறது. பால்காரர் வேலை முடிந்து தானாகத்தான் கிளம்பிப் போகிறார். நாயோ, 'நான் குரைத்ததால்தான் போய்விட்டார்' என்று நினைத்துக்கொள்கிறது. தினமும் இரண்டு வேளை இதே பாடம் நடந்தால், ஆறு மாதத்தில் அது அந்தப் பாடத்தில் தேறிவிடும்.

மூன்றாவது வாரத்தில் திறக்கும் கதவு

நாய்க்குட்டி பிறந்த 10 முதல் 14 நாளில் கண் திறக்கிறது. அதை ஒட்டியே காது கேட்கத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 12 முதல் 14 வாரம் வரை அதன் மூளை, 'எது நம்ம உலகம், எது ஆபத்து' என்று பிரித்து எழுதிக்கொள்கிற காலம். இந்தக் காலத்தில் பதறாமல் பார்த்துப் பழகிய ஆள், சத்தம், வாசனை, விலங்கு எல்லாம் 'நம்ம உலகம்' கணக்கில் சேரும். பார்க்காமல் விட்டதெல்லாம் பிற்பாடு சந்தேகக் கணக்கில்தான் சேரும்.

இதை நிரூபித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், உயரமான வேலி போட்ட நிலத்துக்குள் தாய் நாய்களோடு குட்டிகளை மனித வாடையே படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை இரண்டாவது வாரத்திலும், சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாவது வாரங்களிலும் ஒரு வார காலம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். மற்றவை 14 வாரம் வரை மனிதரோடு பழகவே இல்லை. ஃப்ரீட்மேன், கிங், எலியட் என்ற மூவர் 1961-ல் இதன் முடிவை வெளியிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் பழகிய குட்டிகள் மனிதரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை தனியாக விடப்பட்டவை காட்டு விலங்கு போலவே மிரண்டன. பிறகு எவ்வளவு பாடுபட்டும் அவற்றை முழுமையாகப் பழக்க முடியவில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. நாய்க்கு அந்த ஐந்தை வாரக்கணக்கில் எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று, எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியை அடக்கத் தெரியாது. இரண்டாவது, வீட்டில் குட்டி போட்டிருந்தால் மூன்றாவது வாரத்திலிருந்தே வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தினமும் சில நிமிடம் குட்டிகளைக் கையில் எடுத்துத் தடவிக் கீழே விட வேண்டும்.

பழக்கம் என்றால் எது?

பழக்குவது என்றதும், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாலாட்டிக்கொண்டு ஓடும் நாயாக மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு நாய் யாருக்குமே வேண்டாம். நாய் மேலே ஏறுவதை, நக்குவதை விரும்பாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தொழுகைக்குப் போகும்போது உடையில் நாயின் எச்சில் படக் கூடாது என்று பார்ப்பவர்கள் வாணியம்பாடியில் நிறையப் பேர். கோயிலுக்குக் கிளம்பியவரும் அப்படித்தான். புது ஆளைப் பார்த்தால், 'வந்தால் வரட்டும்' என்று படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிற நாய்தான் நன்றாகப் பழகிய நாய்.

'அப்படிப் பழக்கினால் காவல் போய்விடாதா?' என்று கேட்கலாம். போகாது. எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாயின் குரைப்புக்கு வீட்டில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. பால்காரர், வேன், பிள்ளைகள், டிராக்டர் எதற்கும் அசையாத நாய், நடுராத்திரி மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்து இரண்டு முறை குரைத்தால், கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடே எழுந்துவிடும். உருப்படியான காவல் அதுதான்.

குட்டிக்குக் காட்ட வேண்டிய உலகம்

நம் பகுதி நாய் ஒன்று ஒரு வருடத்தில் எதையெல்லாம் சந்திக்கும் என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியல் நீளும்.

ஆட்கள்: ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், புர்கா அணிந்த பெண்கள், தாடி வைத்த பெரியவர், தடி ஊன்றி நடப்பவர், தலையில் புல்லுக்கட்டோ மூட்டையோ சுமந்து வருபவர், காக்கி உடை போட்டவர், ஓடி விளையாடும் பிள்ளைகள், தவழும் குழந்தை. மனிதனை முகத்தையும் உருவத்தின் விளிம்பையும் வைத்து அடையாளம் காணும் நாய்க்கு, முகம் மறைந்தாலோ உருவம் மாறினாலோ அது புதுப் பிராணிதான்.

சத்தங்கள்: குக்கர் விசில், மோட்டார் ஸ்டார்ட்டர், பவர் டில்லர், தட்டு வெட்டும் இயந்திரம், நெடுஞ்சாலை லாரியின் ஏர் ஹாரன், ரயில், ஒலிபெருக்கி, மேளம், பட்டாசு, இடி. தை மாதத்தில் எருது விடும் விழா நடக்கும் ஊர்களில் கூட்டமும் கூச்சலும் சீறி ஓடும் காளைகளும் இதோடு சேரும்.

விலங்குகள்: ஆடு, மாடு, கோழி, பூனை, மற்ற வீட்டு நாய்கள்.

தொடுதல்: காதைத் திறந்து பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது, வாயைத் திறப்பது, உண்ணி எடுப்பது, குளிப்பாட்டுவது, கழுத்துப்பட்டை மாட்டுவது, வண்டியில் ஏற்றுவது. கால்நடை மருத்துவர் கை வைத்ததும் கடிக்கிற நாய்கள், இதற்கு முன்பு யாருமே கை வைத்துப் பார்க்காத நாய்களாகத்தான் இருக்கும்.

எட்டு வாரம் முதல் 14 வாரம் வரை, தினமும் இந்தப் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று புது விஷயங்கள் போதும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். தினக் கணக்கில் பார்த்தால், டீ குடிக்கிற நேரம்தான்.

தூரம், சத்தம், தீனி

பழக்கும் முறையை இந்த மூன்று சொற்களில் அடக்கிவிடலாம். டிராக்டரை எடுத்துக்கொள்வோம். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடுகிற டிராக்டரின் அருகில் நிறுத்தினால், அது பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக, முதல் நாள் ஓடாத டிராக்டரைச் சுற்றி மோப்பம் பிடிக்க விடுங்கள். டயரின் அருகில் ஒரு சிறு துண்டு முட்டையோ வேகவைத்த ஈரலோ கொடுங்கள். அடுத்த நாள், டிராக்டர் வரப்புக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஓடட்டும். இந்தப் பக்கம் குட்டிக்குத் தீனி. சத்தம் வந்தால் தீனி வரும், சத்தம் நின்றால் தீனியும் நிற்கும். சில நாளில் டிராக்டர் சத்தம் கேட்டதும் குட்டி உங்கள் கையைப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிறகு பத்தடி கிட்டப் போகலாம்.

குட்டி தீனியை வாங்க மறுத்தால், தூரம் போதவில்லை அல்லது சத்தம் அதிகம். பசியோடு இருந்தும் சாப்பிடாத குட்டி, பயத்தில் இருக்கிறது. பேசாமல் இரண்டு மடங்கு தூரம் பின்னால் வந்துவிடுங்கள். 'பழகட்டும்' என்று பிடித்து வைத்திருப்பதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு. எட்டு முதல் பத்து வாரம் குட்டிக்குப் பயம் எளிதாகப் பதிகிற பருவம். அந்த நேரத்தில் ஒருமுறை ஏற்பட்ட பெரிய அதிர்ச்சி பல வருடம் நிற்கக்கூடும்.

வெளியாட்களுக்கும் இதே முறைதான். பால்காரரிடம் ஒரு பிடி தீனியைக் கொடுத்து வைத்து, குட்டியைப் பார்க்காமல், பேசாமல், தரையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு நேராகக் குனிந்து தலையைத் தடவுவது, நாய் பாஷையில் மிரட்டல். பக்கவாட்டில் நின்று, கையைத் தாழ்வாக வைத்து, குட்டி தானாக வந்து மோந்து பார்க்கக் காத்திருப்பதே மரியாதை. வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

கூடவே நான்கு சொற்களைக் கற்றுக்கொடுங்கள்: 'வா', 'உட்கார்', 'விடு', 'படு'. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'உட்கார்' என்றும் பையன் 'சிட்' என்றும் பாட்டி 'குந்து' என்றும் சொன்னால், நாய் எதையும் கேட்காது. யாராவது வாசலுக்கு வந்தால் சாக்கின் மேல் போய்ப் படுப்பது என்ற ஒரே பழக்கம் வந்துவிட்டால், பாதிச் சிக்கல் தீர்ந்தது. படுத்திருக்கிற நாயால் ஒரே நேரத்தில் பாயவும் முடியாது.

தடுப்பூசிக்கு முன் வெளியே கொண்டுபோகலாமா?

நியாயமான சந்தேகம். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். தெருநாய்கள் திரியும் இடத்தில் தடுப்பூசி முடியாத குட்டியை இறக்கிவிட்டால், ரத்தக் கழிச்சலில் போய்விடும். அதற்காக 16 வாரம் வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால், பழக்கும் பருவம் கடந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. குட்டியைக் கையிலோ கூடையிலோ தூக்கிக்கொண்டு காட்டுங்கள். சந்தையின் ஓரம், பஸ் நிறுத்தம், ரயில்வே கேட், பள்ளி விடும் நேரம் எல்லாவற்றையும் கூடையிலிருந்தே பார்க்கட்டும். தரையில் இறக்குவது உங்கள் களத்திலும், தடுப்பூசி போட்ட நாய் உள்ள உறவினர் வீட்டிலும் மட்டும் இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை தொடர்ச்சி, மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் அதற்கான ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. இதுதான் பொதுவான அட்டவணை. இரண்டாவது வாரத்திலிருந்தே குடற்புழு நீக்கமும் தேவை. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி, கால்நடை மருந்தகங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் வாசனையும் பிரியாணி எலும்பும்

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. காற்றில் எப்போதும் தோல் வாசனை, இறைச்சி வாசனை. மனிதனைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள நாய்க்கு, அது விடாமல் கூப்பிடுகிற அழைப்பு. கழிவு கொட்டும் இடங்களிலும் கறிக்கடை ஓரங்களிலும் தெருநாய்கள் கூட்டமாகச் சேர்கின்றன. அங்கே போய்ப் பழகிய வீட்டு நாய், கூட்டத்தின் குணத்தோடு வீட்டுக்குத் திரும்பும். தீனி கிடக்கும் இடத்துக்குச் சண்டை போடும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும்.

அதைவிட ஆபத்து, அங்கே தின்பது. தோலிலிருந்து ரோமம் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுகிறார்கள். அப்படி ஊறிய தோல் சவ்வைத் தின்றால் நாயின் வாயும் குடலும் வெந்துபோகும். நாய்கள் கடித்து விளையாடுவதற்கென்றே மாட்டுத்தோலின் உட்பிளவில் தனியாகச் சுத்தம் செய்து தயாரிக்கும் பொருட்கள் விற்கின்றன. அதையும் ஆலைக் கழிவையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. பிரியாணிக் கடையில் வாங்கிவரும் வெந்த எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். ஆடு அறுத்த இடத்தில் கிடக்கும் பச்சை ஈரல், நுரையீரல் வழியாக நாடாப்புழு நாய்க்குப் போய், அதன் சாணத்திலிருந்து மறுபடி ஆட்டுக்கும் மனிதனுக்கும் வரும். வேகவைத்துத்தான் போட வேண்டும்.

இந்தப் பகுதி நாய்களுக்கு அதனால் 'விடு' என்ற சொல் உயிர் காக்கும் சொல். மூடிய கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக் காட்டுங்கள். நாய் முட்டும், நக்கும், சுரண்டும். மூக்கை எடுக்கிற அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, மறுகையிலிருந்து அதைவிட ருசியான ஒன்றைக் கொடுங்கள். விட்டால் பெரிதாகக் கிடைக்கும் என்று கற்ற நாய், ரோட்டில் கிடக்கும் துண்டையும் விட்டுவிட்டு வரும். தட்டிலிருந்து தீனியைப் பிடுங்கிப் பார்ப்பதும், வாயில் கைவிட்டு எலும்பைப் பறிப்பதும் நேர்மாறான பாடம். தீனிக்கு உறுமும் நாய்கள் அப்படித்தான் உருவாகின்றன.

ஆட்டுப்பட்டிக்குள் நாய்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு இனங்களை விரும்பி வளர்ப்பது பெருகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், இவற்றில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஓடுகிற உருவத்தைத் துரத்துவது ரத்தத்தில் ஊறியது. துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டி அதற்கு முயல்தான்.

இதற்கும் குட்டிப் பருவம்தான் மருந்து. அமெரிக்காவில் ரே காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி 1970-களில் தொடங்கி, ஆட்டுக்காவல் நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்கள் ஆடுகளோடு ஆடாக வளர்ந்த குட்டிகள், பிறகு ஆட்டைத் தன் கூட்டமாகவே நினைத்துக் காத்தன. ஐரோப்பா, துருக்கிப் பக்கத்து மேய்ப்பர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வழிமுறை இது. அவை இதற்கென்றே தேர்ந்த இனங்கள் என்பதால், சிப்பிப்பாறையிடம் அதே அளவு எதிர்பார்க்க முடியாது. துரத்தாமல் இருக்கிற அளவுக்குக் கட்டாயம் பழக்கலாம்.

குட்டிக்குப் பட்டியை ஒட்டியே படுக்கை போடுங்கள். தினமும் கயிற்றில் பிடித்துப் பட்டிக்குள் பத்து நிமிடம். ஆட்டை வெறித்துப் பார்க்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால் தீனி. கொம்புள்ள தாய் ஆடு ஒன்று முட்டி விரட்டினால், அது நல்ல பாடம். அளவோடு நடக்க விடலாம். ஆனால் 18 மாதம் ஆகும்வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியாக விட வேண்டாம். விளையாட்டாகத் தொடங்கும் துரத்தல் கழுத்தைக் கவ்வுவதில் முடியும். ஒருமுறை அந்த ருசி பழகிவிட்டால் மாற்றுவது கடினம்.

உறுமலுக்கு அடி போடாதீர்கள்

நாய் திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கும். காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால்களுக்கு நடுவே சொருகும். கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். பிறகு உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். அதன்பின்தான் உறுமல். வாலாட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. உடம்பு விறைத்து, வால் நுனி மட்டும் உயரத்தில் வேகமாக ஆடினால் அது பாசம் இல்லை.

உறுமியதற்கு அடி வாங்கிய நாய், உறுமுவதை நிறுத்திவிடும். ஆனால், பயம் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான். உறுமல் என்பது மோட்டாரில் ஃபியூஸ் போவது போல. ஃபியூஸைக் கட்டி வைத்துவிட்டு ஓட்டினால் மோட்டாரே எரிந்துவிடும்.

மிளகாய் கொடுப்பது, பட்டினி போடுவது, அடித்து வெறியேற்றுவது எல்லாம் காவலைக் கூட்டாது, கடியைத்தான் கூட்டும். முழுநாளும் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும் இதே ரகம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதைக் குற்றம் என்றே சொல்கிறது. வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். காலையும் மாலையும் அரை மணி நேரம் கயிற்றில் நடத்திக் கூட்டிப்போனால், பகல் முழுக்கக் குரைக்கிற நாய் பாதி நேரம் தூங்கும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

நாய்க்கு மூன்று வயது ஆகிவிட்டது. புது ஆளைக் கண்டால் பாய்கிறது. இனி மாற்ற முடியுமா?

குட்டியைப் போல முழுதாக மாறாது. ஆனால், கட்டுக்குள் கொண்டுவர முடியும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் புண், மூட்டு வலி, உண்ணித் தொல்லை இருக்கும் நாய்க்கு எரிச்சல் அதிகம். பிறகு தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கும் இடத்தை மாற்றுங்கள். தூரம், சத்தம், தீனி முறையை மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்யுங்கள். அதுவரை வெளியே கூட்டிப்போகும்போது, மாட்டுக்குப் போடும் வாய்க்கூடை போல நாய்க்கென்று உள்ள வாய்மூடி போடுவது நல்லது. வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். அதையும் தீனி வைத்தே பழக்கலாம்.

கருத்தடை செய்தால் சாதுவாகிவிடுமா?

ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களுக்குள் சண்டையும் குறைய வாய்ப்பு உண்டு. பயத்தால் வரும் கடி அதனால் மட்டும் குறையாது. பழக்கம் தனியாகத் தேவை.

தீபாவளிக்கு நாய் வீட்டைவிட்டே ஓடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். செல்போனில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, தீனி போடும் நேரத்தில் ஒலிக்க விடுங்கள். சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். தீபாவளி அன்று பகலிலேயே நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் ஜன்னலை மூடி, மின்விசிறியும் டி.வி-யும் ஓட விடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகிவிடும் என்பது தவறான எண்ணம். எருது விடும் விழா நாளிலும் இதையே செய்யலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன சொல்லி வைப்பது?

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய், இந்த நான்கின் அருகில் போகக் கூடாது. நாயைக் கட்டிப்பிடிக்கவோ முகத்தோடு முகம் வைக்கவோ கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம் போல நின்று, கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு தனியாக விட வேண்டாம்.

வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான். கடித்தால் மனிதருக்கு ஊசி வேண்டுமா?

அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடித்த உடன், பிராண்டினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-வது நாட்களில் ஊசி போடுவார்கள். ரத்தம் வரும் காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றித் தனி மருந்தும் தேவைப்படும். ஒரு ஊசியைக்கூட விடக் கூடாது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் வடித்து, குரல் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தால், அது பழக்கக் குறை இல்லை. யாரும் அருகில் போகாமல் அடைத்து வைத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கன்றுக்குட்டி பிறந்ததும் மூக்கணாங்கயிறு போடும் நாளைக் கணக்கு வைக்கிறோம். ஏர் பழக்கும் நாளைக் கணக்கு வைக்கிறோம். நாய்க்குட்டிக்கு வைக்க வேண்டிய கணக்கு, மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்தில் முடிகிற அந்த இரண்டரை மாதம். அதைத் தவறாமல் செய்த வீட்டின் முன்னால், எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் ஒதுங்க மாட்டார்கள்.